கூலன்ட் குறைகிறதென்றால், ஊற்றுவதற்கு முன் தேடுங்கள்: புதிதாக வந்தவர்களுக்கான வழிகாட்டி

வெளிநாட்டுக்கு வந்த முதல் ஆண்டில் நம்மில் பெரும்பாலோர் வாங்கும் வண்டி, பலர் கை மாறிய பழைய வண்டியாகவே இருக்கும். கையிருப்புக்கு அதுதான் கட்டுப்படியாகும் என்பதால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முன்பு வைத்திருந்தவர் பார்த்தும் பார்க்காமல் விட்ட பழுதுகளும் அந்த வண்டியோடு சேர்ந்தே நம்மிடம் வருகின்றன. பேட்டரி செத்தால் வண்டி கிளம்பாது, டயர் பஞ்சரானால் ஓட்டும்போதே தெரிந்துவிடும். உதவிக்கு வரும் ஆள் இவ்விரண்டையும் பெரும்பாலும் சாலையோரத்திலேயே சரிசெய்துவிடுவார். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைவது அப்படியல்ல. அது வாரக்கணக்கில் ஓசையின்றி நடந்து, ஒருநாள் நெடுஞ்சாலையின் நடுவே வண்டியை நிறுத்தி, சில நிமிட அலட்சியத்தில் இன்ஜினையே கொண்டுபோய்விடும்.

வெப்ப நாடுகளில் ஓட்டிப் பழகியவர்களுக்கு, ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் ஒரு பாட்டிலை எடுத்து ஊற்றிவிட்டுப் புறப்படுவது கைவந்த பழக்கம். நானும் என் முதல் குளிர்காலத்தில் அதைத்தான் செய்தேன். இலையுதிர் காலம் முழுவதும் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை அரை லிட்டர் குழாய்த் தண்ணீரை ஊற்றி வந்தேன். எச்சரிக்கை விளக்கு அணைந்துவிட்டதால் பழுது தீர்ந்தது என்றே எண்ணிக்கொண்டேன். கடுங்குளிர் விழுந்த ஒரு காலையில், வெளியே எல்லாம் உறைந்து கிடக்க, புறப்பட்ட பத்து நிமிடங்களுக்குள் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. நான் ஊற்றிய தண்ணீரால் வலுவிழந்த கலவை ரேடியேட்டருக்குள் பனிக்குழம்பாக உறைந்து அடைத்துக்கொண்டதால், இன்ஜினுக்குள் இருந்த திரவம் சுற்றிவர வழியின்றிக் கொதித்துவிட்டது. இன்ஜினின் மேற்பகுதிக்கும் உடலுக்கும் இடையே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிற்று. இத்தனைக்கும் தொடக்கத்தில் இருந்த கசிவு, தளர்ந்துபோன ஒரு ஹோஸ் கிளிப்பில்தான். ஸ்குரூடிரைவர் ஒன்று போதுமான வேலை.

அன்று வண்டியைப் பார்த்த மெக்கானிக் எனக்குப் புரியவைத்ததுதான் இந்தக் கட்டுரையின் அடிப்படை: கூலன்ட், பெட்ரோலைப் போல் எரிந்து தீர்வதில்லை. அது மூடிய குழாய்களுக்குள் சுற்றிச்சுற்றி வரும் திரவம். பல மாதங்களில் நூலளவு குறைவது இயல்பு. வாரக்கணக்கில் கண்ணுக்குத் தெரியும்படி குறைகிறதென்றால், அது எங்கோ வெளியேறுகிறது. எங்கே என்று தெரியும்வரை ஊற்றுவது, ஓட்டைப் பானையை நிரப்பும் வேலைதான்.

அந்த அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருந்தால் மற்றவை எளிதாகப் புரியும். பெரும்பாலான வண்டிகளில் எத்திலீன் கிளைகாலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த திரவம் ஓடுகிறது. இக்கலவை மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் அளவுவரை உறையாது. திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 107 டிகிரியில்தான் கொதிக்கும். ரேடியேட்டரின் அல்லது கூலன்ட் தொட்டியின் மூடியில் உள்ள ஸ்பிரிங் அழுத்தத்தைத் தேக்கிவைப்பதால், வண்டிக்குள் அதன் கொதிநிலை 125 டிகிரியையும் தாண்டிவிடுகிறது. எனவே சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கும் கணத்தில் அழுத்தம் இறங்கி, அதுவரை கொதிக்காமல் இருந்த திரவம் ஒரே வீச்சில் கொதித்து முகத்தில் பீறிடும். மூடி பழசாகி ஸ்பிரிங் தளர்ந்துவிட்டாலோ, ஓட்டை எதுவும் இல்லாமலேயே திரவம் ஆவியாக வெளியேறத் தொடங்கும். மலிவான பொருள் என்பதாலோ என்னவோ, மூடியை யாரும் சந்தேகிப்பதில்லை.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது முதலில் அறிவிப்பது வெப்பமானியாகத்தான் இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். பல வண்டிகளில் அந்த முள், வெப்பம் ஓரளவு ஏறி இறங்கினாலும் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. திரவம் மிகவும் குறைந்து சென்சார் காற்றில் நிற்கத் தொடங்கினால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்குவதும் உண்டு. குளிர்நாட்டில் இதைவிட நம்பகமான அடையாளம் ஒன்று இருக்கிறது: சூடாக வந்துகொண்டிருந்த ஹீட்டர் காற்று திடீரெனக் குளிர்ந்துபோனால், ஹீட்டருக்குள் சுற்ற வேண்டிய திரவம் வந்து சேரவில்லை என்று பொருள். இனிப்பு கலந்த ஒரு வாடையும் போனட் ஓரத்தில் எழும் ஆவியும் அடுத்த அறிகுறிகள்.

முள் ஏறுவதைக் கண்டால் ஏ.சி.யை அணைத்துவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டிலும் மின்விசிறியை முழு வேகத்திலும் வையுங்கள். ஹீட்டரும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான் என்பதால், நிறுத்த இடம் தேடும் சில நிமிடங்களுக்கு அது கைகொடுக்கும். முள் சிவப்பைத் தொட்டுவிட்டாலோ, சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ, அடுத்த வெளிவழிவரை போய்விடலாம் என்ற கணக்கே வேண்டாம். பாதுகாப்பான முதல் இடத்தில் நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். இன்றைய இன்ஜின்களின் மேற்பகுதி பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. அளவுக்கு மீறிச் சூடேறினால் அது வளைந்துவிடும். வளைந்தபின் கேஸ்கட் ஒட்டி நிற்காது. நிறுத்தியபின் குறைந்தது முக்கால் மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடக்கூடும் என்பதால், பாட்டில் கையில் இருந்தாலும் பொறுத்திருங்கள்.

காத்திருக்கும் இடமும் முக்கியம். நெடுஞ்சாலையில் வண்டியை ஓரத்தின் எல்லைவரை ஒதுக்கி, நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டு, வண்டிகள் ஓடாத பக்கத்துக் கதவு வழியாக எல்லோரும் இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நில்லுங்கள். குளிர்கிறதென்று குழந்தைகளை உள்ளேயே உட்கார வைப்பதுதான் நம்மவர்கள் செய்யும் பெருந்தவறு. கம்பளியும் ஒளிரும் மேலங்கியும் வண்டியிலேயே இருந்தால் அந்தத் தடுமாற்றம் வராது. எச்சரிக்கை முக்கோணம் பற்றிய விதி நாட்டுக்கு நாடு மாறுகிறது: ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் முக்கோணமும் மேலங்கியும் வண்டியில் இருப்பது கட்டாயம், பிரித்தானியாவின் சாலை விதிநூலோ மோட்டார்வேயில் முக்கோணத்தை வைக்கவே கூடாது என்கிறது. பிரான்ஸின் நெடுஞ்சாலைகளில் நாமாக ஓர் இழுவை வண்டியை வரவழைக்க முடியாது. சாலையோர அவசரத் தொலைபேசி வழியாகவோ 112 வழியாகவோ சொன்னால், அனுமதி பெற்ற நிறுவனத்தின் வண்டி வரும். உயிருக்கு ஆபத்தான நிலையில் அழைக்க வேண்டிய எண் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112; பிரித்தானியாவில் 999 அல்லது 112; அமெரிக்காவிலும் கனடாவிலும் 911; ஆஸ்திரேலியாவில் 000.

சாலையோர உதவிக்கான உறுப்பினர் சேர்க்கை, ஜெர்மனியின் ஏ.டி.ஏ.சி., பிரித்தானியாவின் ஏ.ஏ., ஆர்.ஏ.சி., கனடாவின் சி.ஏ.ஏ. போன்ற அமைப்புகளில் உண்டு. சில காப்பீட்டுத் திட்டங்களிலும், சில வங்கிக் கணக்குகளிலும்கூட அது சேர்ந்தே வரும் என்பதால், தனியாகப் பணம் கட்டுமுன் ஏற்கெனவே உங்களுக்கு அது இருக்கிறதா என்று பாருங்கள். சேரும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: வீட்டு வாசலிலேயே வண்டி நின்றுவிட்டால் வருவார்களா? எத்தனை கிலோமீட்டர்வரை இழுத்துச் செல்வார்கள்? வண்டி நின்றபின் சேர்ந்துகொள்ளலாம் என்பது எல்லா இடத்திலும் நடக்காது. நடந்தாலும் செலவு கூடும்.

இனித் தேடும் வேலை. இரவு முழுவதும் நின்று குளிர்ந்த வண்டியில், சமதளத்தில், விரிவுத் தொட்டியின் (கூலன்ட் ஊற்றும் தொட்டி) இரு கோடுகளுக்கிடையே திரவம் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அந்த மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். சூடாக இருக்கும்போது மட்டம் உயர்ந்தே நிற்கும் என்பதால் அப்போது பார்ப்பதில் பயனில்லை. இன்ஜினுக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தால், மறுநாள் காலையில் சொட்டு விழுந்த இடம் தெரியும். வெயில் காலத்தில் ஏ.சி. ஓடியபின் விழும் தெளிந்த, வாடையற்ற தண்ணீரைக் கண்டு பயப்பட வேண்டாம். கூலன்ட் என்றால் நிறமும் வழவழப்பும் இனிப்பு வாடையும் இருக்கும். முன்புறம் சொட்டினால் ரேடியேட்டரையும் அதன் ஹோஸ்களையும் பாருங்கள். இன்ஜினின் பெல்ட் ஓடும் பக்கம் என்றால் வாட்டர் பம்பைச் சந்தேகியுங்கள். அந்தப் பம்பில் ஒரு சிறு துளை வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். உள்ளிருக்கும் சீல் தேயத் தொடங்கியதும் திரவம் அந்தத் துளை வழியாகக் கசிந்து நமக்கு முன்னறிவிப்புத் தருகிறது. சூடான பாகத்தின்மேல் விழும் சொட்டு தரையைத் தொடுமுன் ஆவியாகிவிடும் என்பதால், ஈரம் இல்லை என்பதை வைத்துக் கசிவே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. காய்ந்த திரவம் இணைப்புகளைச் சுற்றி வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்ததுபோல் படிந்திருக்கும். டார்ச்சை அடித்து அந்தத் தடத்தைப் பின்தொடருங்கள்.

வண்டிக்குள் இனிப்பு வாடை வந்து, கண்ணாடியின் உட்புறம் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் பசையோடு மங்கி, முன்னிருக்கையின் கால்விரிப்பு நனைந்திருந்தால், ஹீட்டரின் உள் ரேடியேட்டர் ஓட்டையாகியிருக்கிறது. பொருள் சிறியது, ஆனால் அதை எட்டுவதற்குப் பல வண்டிகளில் டாஷ்போர்டையே கழற்ற வேண்டியிருப்பதால் கூலி அதிகம்.

வெளியே எங்கும் தடமில்லை, ஆனாலும் மட்டம் இறங்குகிறது என்றால், திரவம் இன்ஜினுக்குள்ளேயே போகக்கூடும். இங்கேதான் பலர் வீணாகப் பயப்படுகிறார்கள், வேறு பலர் வீணாகத் தைரியமாக இருக்கிறார்கள். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் வெண்மஞ்சள் பசை படிந்திருப்பதைக் கண்டதும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று சொல்லிவிடுவார்கள். குளிர்காலத்தில் குறுகிய தூரம் மட்டுமே ஓடும் வண்டியில், காற்றின் ஈரம் எண்ணெயோடு கலந்தே அந்தப் பசை உருவாகிவிடும். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அதிலும் எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் இன்ஜினை இயக்காமல் இழுவை வண்டியை வரவழையுங்கள். சைலன்சர் புகையும் அப்படித்தான்: குளிர்ந்த காலையில் வெண்புகை வருவது இயல்பு, இன்ஜின் நன்றாகச் சூடான பின்னும் இனிப்பு வாடையோடு அடர்ந்த வெண்புகை தொடர்வதே கவலைக்குரியது. குளிர்ந்த வண்டியை இயக்கிய ஓரிரு நிமிடங்களிலேயே ஹோஸ் கல்போல இறுகுவதும், தொட்டியில் ஓயாமல் குமிழிகள் எழுவதும், இன்ஜினுக்குள் எரிபொருள் எரிந்து உண்டாகும் வாயு கூலன்ட் பாதைக்குள் புகுந்திருப்பதைக் காட்டும்.

இந்தச் சந்தேகங்களைத் தீர்க்கச் சோதனைகள் உள்ளன. குளிர்ந்த இன்ஜினில் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, அது இறங்குகிறதா என்று பார்ப்பது முதலாவது. அந்த எரிந்த வாயு கலந்திருந்தால் நீல நிறத்திலிருந்து மஞ்சளாக மாறும் திரவத்தைத் தொட்டியின் வாயில் வைத்துப் பார்ப்பது மற்றொன்று. கண்ணுக்கு எட்டாத கசிவுக்கு, புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தைக் கலந்துவிட்டுச் சில நாள் ஓட்டிப் பார்ப்பார்கள். இவற்றில் ஒன்றுகூடச் செய்யாமல் ஹெட் கேஸ்கட்டை மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொன்னால், இன்னொருவரிடம் காட்டுங்கள்.

ஊற்ற வேண்டியது எது என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் பச்சையும் மற்றொன்றின் பச்சையும் வேறு வேறு வேதிப்பொருள்களாக இருக்கலாம், பொருந்தாதவை கலந்தால் கூழாகத் திரண்டு அடைத்துக்கொள்வதும் உண்டு. வண்டியின் கையேட்டில் உள்ள தர எண்ணைப் பார்த்து வாங்குங்கள். போத்தலில் இருப்பது நேரடியாக ஊற்றும் கலவையா, தண்ணீர் சேர்க்க வேண்டிய அடர்திரவமா என்பதையும் படியுங்கள். குளிருக்கு நல்லது என்று அடர்திரவத்தை மட்டும் ஊற்றுவது தலைகீழான வேலை, ஏனெனில் கலக்காத கிளைகால் மைனஸ் 13 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும். வழியில் வேறெதுவும் கிடைக்காமல் வெறும் தண்ணீரை ஊற்ற நேர்ந்தால், உறைபனி விழுமுன் கலவையைச் சோதித்துச் சரிசெய்துவிடுங்கள். உறையும் தண்ணீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால் இன்ஜின் உடலே பிளக்கக்கூடும். கசிவை அடைக்கும் என்று விற்கப்படும் பொடிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன்; அவை ஓட்டையோடு ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடக்கூடும். மின்சார வண்டிகளிலும் ஹைபிரிட் வண்டிகளிலும் பேட்டரிக்குத் தனிக் குளிர்விப்புப் பாதை இருக்கலாம் என்பதால் அவற்றில் குழாய்த் தண்ணீர் ஊற்றவே கூடாது. சிந்தியதை உடனே துடைத்துவிடுங்கள். அதன் இனிப்பு குழந்தைகளையும் நாய், பூனைகளையும் ஈர்க்கும், சிறிதளவு உள்ளே போனாலே உயிரைப் பறிக்கக்கூடும்.

ஒர்க் ஷாப்பில் மொழி தடுமாறினால், பேனாக் கோடு போட்ட படங்களைத் தேதி வரிசையில் காட்டுங்கள்; எத்தனை நாளில், எத்தனை கிலோமீட்டரில், எவ்வளவு இறங்கியது என்பது அதில் வந்துவிடும். நின்று நகரும் நெரிசலில் மட்டும் சூடேறுகிறதா, வேகமாக ஓட்டும்போது சூடேறுகிறதா என்பதையும் சொல்லுங்கள்; முன்னது ரேடியேட்டர் விசிறியையும், பின்னது அடைபட்ட ரேடியேட்டரையோ பம்பையோ வெப்பத்துக்கேற்பத் திரவத்தைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டையோ நோக்கிக் கைகாட்டும். முதலில் அழுத்தச் சோதனை மட்டும் செய்யச் சொல்லி, அதன் முடிவையும் பழுதுக்கான மதிப்பீட்டையும் எழுத்தில் வாங்கியபின் வேலைக்கு ஒப்புதல் கொடுங்கள். வேலை முடிந்து புதிய திரவம் நிரப்பியபின், உள்ளே சிக்கியிருந்த காற்று வெளியேறுவதால் முதல் இரண்டு, மூன்று ஓட்டங்களில் மட்டம் சற்று இறங்கலாம். அதைக் கோடுவரை நிரப்பிவிட்டுப் புதிய கோடு ஒன்றைப் போடுங்கள். அதன்பின்னும் இறங்கினால், நீங்களாக ஊற்றாமல், ரசீதோடு அதே ஒர்க் ஷாப்புக்குத் திரும்பிச் செல்லுங்கள்.