கோடையில் வானம் பார்க்கப் போகிறீர்களா? லீவைப் பார்க்காதீர்கள், திதியைப் பாருங்கள்

ஏப்ரல் பிறந்தால் போதும், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன்கள் "அண்ணா, எங்கே போய் நட்சத்திரம் பார்க்கலாம்?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். 'என்றைக்கு' என்று கேட்பவர் அபூர்வம். பாய், தண்ணீர், கொசுவர்த்தி எல்லாம் நீங்களே எடுத்து வைப்பீர்கள். வருஷம் தவறாமல் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

லீவு நாளில் வண்டி பிடிப்பது

எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்புவது இதுதான். ஓசூரில் வேலை பார்க்கும் ஒரு கூட்டம், வேன் வாடகை, சாப்பாடு என்று கைக்காசைப் போட்டு வத்தல்மலை ஏறியது. போன நாள் சித்ரா பௌர்ணமி. லீவு சேர்ந்து வந்ததாம். ராத்திரி பத்து மணிக்கு எனக்கு ஃபோன்: "என்னண்ணா, நம்ம மாடியில தெரியறதுகூட இங்க தெரியலையே!" பின்னால் சீட்டாடும் சத்தம். டார்ச்சே இல்லாமல் சீட்டில் நம்பர் தெரிகிற அளவுக்கு நிலா. அப்புறம் எந்த நட்சத்திரம் தெரியும்?

முழு நிலா சூரியன் மறையும்போது எழுந்து, விடியும்போதுதான் இறங்கும். அதன்பின் தினமும் சுமார் 50 நிமிடம் தாமதமாக எழும். தேய்பிறை பஞ்சமி என்றால் பத்து, பத்தரை வரை இருட்டு கிடைக்கும். அஷ்டமி என்றால் நள்ளிரவு வரை.

விடியற்காலையில் பார்க்க வேண்டியதற்கு இந்தக் கணக்கு தலைகீழ். மே 5, 6 தேதிகளில் உச்சத்துக்கு வரும் ஈட்டா அக்வாரிட் எரிகல் மழையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாலி வால்நட்சத்திரம் உதிர்த்துப் போன தூசு அது. எரிகற்கள் கிளம்புவதாகத் தெரியும் கும்ப ராசிப் பகுதி இரண்டு மணிக்குத்தான் கிழக்கே எழும். பார்க்கச் சரியான நேரம் 3 முதல் 4.30 வரை. இதற்கு வளர்பிறைதான் வசதி. அஷ்டமி நிலாகூட நள்ளிரவோடு மறைந்துவிடும். எட்டு மணிக்கே போய் அண்ணாந்து படுத்து, பன்னிரண்டுக்கு மூட்டை கட்டிவிட்டு "ஒண்ணும் விழலைங்க" என்பவர்களிடம் நான் வாய் திறப்பதில்லை.

2026-இல் சித்ரா பௌர்ணமி மே 1, வெள்ளிக்கிழமை. வார இறுதியோடு ஒட்டிய லீவு. வானத்துக்கோ உதவாத நாள். எரிகல் உச்சத்தன்றும் விடிய விடிய நிலா. 2027-இல் மே 6 அன்றே அமாவாசை. இதற்கெல்லாம் ஆப் எதுவும் வேண்டாம். தினசரி காலண்டரில் ராகு காலத்துக்குப் பக்கத்திலேயே திதியும் போட்டிருக்கிறான்.

வடக்கே பார்த்து உட்காருவது

சப்தரிஷியையும் அருந்ததியையும் டெல்லிக்காரரும் பார்ப்பார். 12 டிகிரி அட்சரேகையில் இருக்கும் நமக்கு லாபம் தெற்கே. பக்கத்து ஜவ்வாதுமலையில் காவலூரை வானாய்வகத்துக்குத் தேர்ந்தெடுத்ததற்கும் இந்தத் தெற்கு வானம் ஒரு காரணம். மே முதல் வாரம் இரவு 10 மணி வாக்கில் திரிசங்கு (சிலுவை வடிவில் தெரியும் 'சதர்ன் கிராஸ்' நட்சத்திரக் கூட்டம்) நேர் தெற்கே நிற்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் தொடுவானத்திலிருந்து இரண்டு முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவான உயரம். இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்தால் மூன்று முஷ்டி உயரத்தில் ஒமேகா சென்டாரி. பைனாகுலரில் பஞ்சுப் பொட்டு மாதிரி தெரியும் அதில் இருப்பவை சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள்.

அஞ்செட்டிப் பக்கம் போனால் ஓசூர், பெங்களூர் வெளிச்சம் வடக்கே ஒதுங்கிவிடும். அதற்காகக் காட்டு ரோட்டோரம் பாய் விரிக்காதீர்கள், யானை நடமாடும் இடம். ஊருக்குள் தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடி போதும்.

டெலஸ்கோப்

முதல் வருஷம் வேண்டாம். 10×50 பைனாகுலர் வாங்குங்கள்.

மதியம் மழை என்று திட்டத்தைக் கைவிடுவது

கோடை மழை தூசியை அடக்கிவிட்டுப் போகும். மேகம் கலைந்ததும் கிளம்புங்கள்.

நிலா அளவுக்குச் செவ்வாய் தெரியும் என்ற வாட்ஸ்அப் செய்தி

டெலீட்.

நிழலில்லா நாளில் 12 மணிக்கு நிற்பது

ஏப்ரல் 22-ஐ ஒட்டி தருமபுரியில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், கிருஷ்ணகிரியில் ஒரு நாள் தள்ளி. பிள்ளைகளைச் சரியாக 12 மணிக்கு வெயிலில் நிறுத்திவிட்டு "நிழல் இருக்கே" என்பார்கள். இருக்கத்தான் செய்யும். நம் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கானது, நாம் இருப்பதோ 78 டிகிரியை ஒட்டி. இங்கே உச்சிவேளை 12.16 வாக்கில்தான். எவர்சில்வர் டம்ளர் ஒன்றைத் தரையில் கவிழ்த்து வைத்து 12.10-இலிருந்து பாருங்கள். அன்றைக்கு மேகம் மறைத்தால் ஆகஸ்ட் 20 வாக்கில் இன்னொரு முறை வரும்; அப்போது உச்சிவேளை 12.20.