பிராங்பர்ட் புத்தகச் சந்தைக்குப் போகும் பதிப்பாளர்களுக்கு

நூல்களின் மொழிபெயர்ப்பு உரிமையை விற்பது, வாங்குவது பற்றிய பேச்சுகள் அங்கே அரை மணி நேரக் கணக்கில் நடக்கும். சந்தை அக்டோபரில், சந்திக்க வேண்டியவர்களிடம் நேரம் கேட்டு ஆகஸ்டிலேயே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அட்டவணை போடும்போது அரங்கு (ஹால்) எண்ணைப் பாருங்கள். காலை முழுதும் ஒரே அரங்கு, மதியம் அடுத்தது. மாற்றி மாற்றிப் போட்டால் நடக்கவே பத்து நிமிடத்துக்கு மேல் போய்விடும், ஒன்று தாமதமானால் அன்றைய மீதியெல்லாம் சரியும். பேச்சை 20 நிமிடத்தில் முடித்து, எழுந்ததும் யார், எந்த நூல், என்ன அனுப்பச் சொன்னார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் எல்லா முகமும் ஒன்றாகிவிடும். கட்டுக்கட்டாகப் புத்தகம் சுமக்க வேண்டாம். நூலுக்கு ஒரு பக்க ஆங்கில அறிமுகம் போதும், மாதிரி மொழிபெயர்ப்பைப் பிறகு அனுப்பலாம். தேய்ந்து பழகிய செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள், புதிது கடிக்கும்.