ஏகாதிபத்திய எதிர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: திருகோணமலையில் நின்று பார்க்கையில்

திருகோணமலையில் ஏகாதிபத்தியத்தைப் பற்றிப் பேச ஆள் தேட வேண்டியதில்லை. வல்லரசுகளின் கண் நம் துறைமுகத்தின் மீது என்று தேநீர்க் கடையிலும் சொல்வார்கள், தேர்தல் மேடையிலும் சொல்வார்கள். அது பொய்யுமல்ல. ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் தவறான இடத்தில் தொடங்கி, தவறான ஆட்களுக்குக் கைகொடுத்து முடிகிறது. வாசகர் வட்டங்களிலும் இளைஞர் கூட்டங்களிலும் திரும்பத் திரும்பக் காணும் சில தவறுகளை இங்கே எழுதுகிறேன். இந்த அரசியல் நமக்கு அவசியம் என்று நம்புவதால்தான் கறாராகவே எழுதுகிறேன்.

தளபதியின் கண்ணால் ஊரைப் பார்ப்பது

துறைமுகத்தின் பெருமையோடு பேச்சைத் தொடங்குவது முதல் தவறு. உலகிலேயே சிறந்த துறைமுகம் இது என்று நெல்சன் சொன்னதாக ஒரு வாசகம் நம் ஊரைப் பற்றிய கட்டுரைகளில் தவறாமல் வரும். அவர் சொன்னாரா இல்லையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். கடற்படைத் தளபதி ஒருவனுக்கு எது வசதியோ, அதையே நம் ஊரின் சிறப்பாக நாம் ஏன் ஒப்பிக்க வேண்டும்?

போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் வந்தார்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள், அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர் பறித்தார்கள். 1795இல் மறுபடியும் ஆங்கிலேயர். பள்ளிக்கூடத்தில் இதைக் கொடிகள் மாறிய கதையாகவே படித்தோம். பிரெட்ரிக் கோட்டையின் வாசல் கல்லில் இரட்டைக் கயல் சின்னமும் சிதைந்த தமிழ் எழுத்தும் இன்றும் தெரிகின்றன. அந்த வாசலைக் கடந்து கோயிலுக்குப் போகிறவர்கள் இன்றும் இராணுவம் தங்கியிருக்கும் வளாகத்தின் நடுவேதான் நடக்கிறார்கள். நான்கு நூற்றாண்டுகளில் சீருடை பல முறை மாறிவிட்டது. கும்பிடப் போகிறவர் ஆயுதம் தாங்கியவரைத் தாண்டித்தான் போக வேண்டும் என்ற ஏற்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது. நம் பேச்சு தொடங்க வேண்டிய இடம் அதுதான், துறைமுகத்தின் ஆழம் அல்ல.

எதிரிக்கு எதிரி நண்பன் என்ற கணக்கு

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது.

2009 மே 27. போர் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவையில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம் 29 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தவை 12, வாக்களிக்காதவை 6. ஆதரித்தவற்றில் கியூபா, பொலிவியா, நிக்கராகுவா, தென்னாபிரிக்கா இருந்தன. சீனாவும் ரஷ்யாவும் இருந்தன. மற்ற எல்லாவற்றிலும் முட்டிக்கொள்ளும் இந்தியாவும் பாகிஸ்தானும் அன்று ஒரே பக்கம் நின்றன. இறையாண்மை, உள்விவகாரங்களில் தலையிடாமை என்ற சொற்கள்தான் அந்தத் தீர்மானத்தைத் தாங்கி நின்றன. ஏகாதிபத்தியத்துக்கு எதிராக நிமிர்ந்த நாடுகள் என்று நம்மில் பலர் மதித்தவை, முள்ளிவாய்க்காலில் தப்பியவர்கள் முட்கம்பிக்குள் அடைபட்டிருந்த வேளையில், அடைத்தவரின் பக்கம் கையை உயர்த்தின.

அதிலிருந்து இரண்டு பிழையான முடிவுகள் பிறந்தன. மேற்கு நாடுகள் எதிர்க்கின்றன, ஆகவே கொழும்பு செய்தது சரியாகத்தான் இருக்க வேண்டும் என்றது தென்னிலங்கை இடதுசாரிகளில் ஒரு பகுதி. ஏகாதிபத்திய எதிர்ப்பு நமக்கு ஆகாது, வாஷிங்டனே துணை என்று முடிவு கட்டியவர்கள் தமிழர்களிலும் உண்டு. இரண்டாவது முடிவின் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் 2012, 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் இலங்கை பற்றிய தீர்மானங்களைக் கொண்டுவந்த அமெரிக்கா, 2018 ஜூனில் இஸ்ரேலுக்குப் பாரபட்சம் காட்டப்படுகிறது என்று சொல்லி அந்தப் பேரவையை விட்டே வெளியேறியது. சம்பூர் வானத்திலும் வன்னி வானத்திலும் பறந்த கிபிர் விமானம் இஸ்ரேலில் செய்யப்பட்டது. நமக்காக வந்த தீர்மானங்கள் பயன்பட்ட இடத்தில் பயன்படட்டும். அவற்றைக் கொண்டுவந்தவர்களுக்கு நாம் அடிமைச் சீட்டு எழுதித் தர வேண்டியதில்லை.

1971ஐப் பாருங்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் தெற்கில் சிங்கள இளைஞர் கிளர்ச்சி வெடித்தபோது, அதை நசுக்க இலங்கை அரசுக்கு உதவியவர்கள் யார்? பிரிட்டன், அமெரிக்கா, சோவியத் யூனியன், இந்தியா, பாகிஸ்தான். சீனா வட்டியில்லாக் கடன் கொடுத்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் அதே ஆண்டு டிசம்பரில் போரில் இறங்கின. உலகம் இரண்டாகப் பிளந்து கிடந்த காலத்தில், சொந்த மக்களை அடக்கும் ஓர் அரசுக்கு உதவும்போது மட்டும் பிளவு தெரியவில்லை. அதே ஆண்டு இறுதியில் இலங்கை முன்னின்று கேட்டபடி, இந்து சமுத்திரத்தை அமைதி வலயமாக ஐ.நா. பொதுச்சபை பிரகடனம் செய்தது. பிரகடனம் நல்லது. அதை முன்மொழிந்த அரசின் சிறைகளில் அப்போது ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை. ஓர் அரசு யாரோடு பகை, யாரோடு உறவு என்பதை வைத்து அதன் குணத்தை அளக்கவே முடியாது.

அந்த அமைதி வலயத்தின் நடுவில்தான் சாகோஸ் தீவுகளில் ஒன்றான தியாகோ கார்சியா இருக்கிறது. சாகோஸ் தீவுகளை 1965இல் மொரிசியசிடமிருந்து பிரித்தெடுத்த பிரிட்டன், அமெரிக்கத் தளத்துக்காக அங்கிருந்த மக்களை 1973க்குள் முழுவதுமாக வெளியேற்றியது. 2021 அக்டோபரில் படகில் கனடா நோக்கிப் புறப்பட்ட ஈழத்தமிழ் அகதிகள் கரையேறியது அந்தத் தீவில்தான். மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கே கூடாரங்களில் வைக்கப்பட்டார்கள். அந்தத் தடுத்துவைப்பு சட்டவிரோதமானது என்று 2024 டிசம்பரில் அந்தத் தீவுகள் அடங்கிய பிரிட்டிஷ் ஆள்புலத்தின் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஒரு மக்களைத் துரத்திவிட்டுக் கட்டிய தளத்தில் இன்னொரு துரத்தப்பட்ட மக்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். சாகோஸ் மக்களுடைய கோரிக்கை நம்முடைய கோரிக்கையாக இன்னும் ஆகவில்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அந்நியன் மட்டும்தான் ஆக்கிரமிப்பான் என்ற நினைப்பு

பிரிட்டிஷ் கடற்படை 1957இல் திருகோணமலைத் தளத்தைக் கையளித்தது. அன்றோடு இந்த ஊரில் ஏகாதிபத்தியம் முடிந்தது என்று நினைப்பவர்கள், வெள்ளைக்காரன் விட்டுப்போன கருவிகளை எண்ணிப் பார்ப்பதில்லை. இன்றுவரை அவசரகாலச் சட்டத்துக்கு அடிப்படையாக இருக்கும் பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1947இல் வந்தது, தொழிலாளர் வேலைநிறுத்தத்தை அடக்க. தொல்பொருள் திணைக்களம் 1890இல் வந்தது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது அதற்குத் தலைமை தாங்கியவர் பாதுகாப்புச் செயலாளர். நியமிக்கப்பட்டபோது அதில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்குத் தாய் தந்தையின் கருமம் செய்யப் போன மக்கள், இன்று அத்திணைக்களத்தின் பலகையைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.

சம்பூரை எடுத்துக்கொள்வோம். 2006 ஏப்ரலில் எறிகணையும் விமானக் குண்டும் விழ, மக்கள் ஓடினார்கள். அவர்களில் பலர் கிளிவெட்டி போன்ற முகாம்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். விட்டுவந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது. ஒரு பகுதியில் கடற்படை முகாம். 818 ஏக்கர் முதலீட்டுச் சபையின் வழியாகத் தனியார் கைத்தொழில் வலயத்துக்கு. இன்னொரு பகுதி இந்திய அரச நிறுவனத்துடன் கூட்டாக அமைக்கவிருந்த நிலக்கரி மின் நிலையத்துக்கு. மக்கள் விடாமல் போராடியதால் 2015இல் அந்த 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. கொழும்பில் இருந்து பார்த்தால் இவை பாதுகாப்பு, முதலீடு, அயலுறவு என்று மூன்று கோப்புகள். வயலை இழந்தவருக்கு ஒரே வேலி. உள்நாட்டு ஒடுக்குமுறை முதலில், ஏகாதிபத்தியம் பிறகு என்றோ, மாற்றியோ வரிசை போடுகிறவர்களைச் சம்பூருக்கு அழைத்துப் போக வேண்டும்.

இதே தவறு நம் பக்கத்திலும் உண்டு. கிண்ணியாவிலும் மூதூரிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் முஸ்லிம்களை வந்தேறிகளாகப் பேசும் தமிழர், அந்தத் தொல்பொருள் செயலணியின் மொழியைத்தான் தமிழில் பேசுகிறார். கொட்டியாரக் குடாவில் வலை வீசும் மூன்று சமூகத்துக்கும் கடல் ஒன்றுதான்.

அரசையும் மக்களையும் ஒன்றாகக் கட்டுவதும் இதோடு சேர்ந்தது. 1971 கிளர்ச்சியை நடத்திய ஜே.வி.பி. அதற்கு முன் தன் உறுப்பினர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. அதில் டில்லியின் கருவியாகச் சித்திரிக்கப்பட்டவர்கள், 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு லயன் அறைகளில் கிடந்த மலையகத் தொழிலாளர்கள். ஏகாதிபத்திய எதிர்ப்பு என்ற பெயரில் நாட்டின் ஏழைகளிலும் ஏழைகளை எதிரியாக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

போர்க்கப்பலைப் பார்த்துக்கொண்டு மணலைத் தவறவிடுவது

துறைமுகத்துக்குள் ஒரு வெளிநாட்டுக் கப்பல் வந்தால் ஊரே பேசும். வடக்கே புல்மோட்டைக் கரையில் கறுப்பு மணல் அள்ளப்படுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கையில் அள்ளினால் சாதாரண மணலைவிடக் கனக்கும். இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் கலந்த மணல் அது. பிரிட்டிஷார் தளத்தைக் கையளித்த அதே 1957இல் இதற்கென அரச கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. ஆனால் இன்றுவரை மணலைப் பிரித்துக் கப்பலில் ஏற்றுவதோடு நம் வேலை முடிகிறது. இல்மனைட்டிலிருந்து எடுக்கும் டைட்டேனியம் டைஒக்சைட்தான் பெயின்டுக்கும் தாளுக்கும் பிளாஸ்டிக்குக்கும் வெண்மை தருகிறது. அதை இலங்கையில் யாரும் தயாரிப்பதில்லை. மண்ணை மலிவாக விற்று, சுவருக்குப் பூசும் வெள்ளையை டொலர் கொடுத்து வாங்குகிறோம். ஒரு சிப்பாய்கூடத் தேவையில்லாத ஏகாதிபத்தியம் இது.

கடன் விஷயத்திலும் கண் இப்படித்தான் ஏமாறுகிறது. கடன் என்றதும் சீனா, சீனா என்றதும் அம்பாந்தோட்டை. 2017இல் அந்தத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் கிடைத்த 112 கோடி டொலரால் துறைமுகக் கடன் அடைக்கப்படவில்லை. அது நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது, கடன் அப்படியே இருந்தது. 2021 ஏப்ரல் இறுதியில் வெளிநாட்டு வளங்கள் திணைக்களத்தின் கணக்கில், அரசின் வெளிநாட்டுக் கடனில் 47 சதவீதம் சந்தையில் பெற்றது. சீனாவின் பங்கு 10 சதவீதம். அரச நிறுவனங்களின் பெயரில் பெற்றதைச் சேர்த்தால் சீனாவின் பங்கு ஏறத்தாழ இரட்டிப்பாகும். அப்போதும் முதலிடம் உயர் வட்டிக்குச் சர்வதேசப் பிணைமுறிகளை, அதாவது அரசு வெளிநாட்டுச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்களை, வாங்கிய நிதி நிறுவனங்களுக்குத்தான். அவர்களுக்குக் கொடியும் இல்லை, கப்பலும் இல்லை. அதனால் நம் கோபம் அவர்கள் பக்கம் திரும்புவதே இல்லை.

2022 ஏப்ரல் 12இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது வங்கிகளிடம் இருந்த திறைசேரி முறிகளில், அதாவது அரசின் உள்நாட்டுக் கடன் பத்திரங்களில், கை வைக்கவில்லை. தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியத்தில் கை வைத்தார்கள். அதன் முறிகளுக்கான வட்டி 2026இலிருந்து 9 சதவீதமாக இறங்கும் வகையில் மாற்றப்பட்டது. ஆடைத் தொழிற்சாலையில் இருபது ஆண்டு நின்று உழைத்த பெண்ணின் ஓய்வுக்காலப் பணத்தில் விழுந்த வெட்டு அது. மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வளைகுடாவுக்குப் பணிப்பெண்ணாகப் போகிறவர்கள் அனுப்பும் டொலரும் இந்தக் கடனைத்தான் கட்டுகிறது.

உடன்படிக்கையைப் படிக்காமல் கொதிப்பது

அமெரிக்காவின் மிலேனியம் சவால் நிறுவனம் தரவிருந்த 48 கோடி டொலர் நன்கொடையைச் சுற்றி 2019, 2020இல் ஒரு கதை ஓடியது: கொழும்பிலிருந்து திருகோணமலைவரை ஒரு பொருளாதார வழித்தடம் போட்டு நாட்டை இரண்டாக வெட்டப் போகிறார்கள் என்று. அந்தத் திட்டத்தில் உண்மையில் கவலைப்பட வேண்டிய பகுதி காணி ஆவணங்களைப் பற்றியது. சிறு விவசாயியின் நிலம் சந்தைக்கு வருவதை அது எளிதாக்கியிருக்கும். அதைப் பற்றி நிதானமாகப் பேசியவர்கள் சிலர் இருந்தார்கள். நாட்டை வெட்டுகிறார்கள் என்ற கூச்சலில் அவர்கள் குரல் எடுபடவில்லை. நன்கொடை 2020 டிசம்பரில் நின்றது. கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமலே போனது.

1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைத் தமிழர் உரிமைக்கான ஆவணமாகவே நினைவில் வைத்திருக்கிறோம். அதோடு பரிமாறப்பட்ட கடிதங்களையும் படியுங்கள். இந்திய நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலையையோ வேறு துறைமுகங்களையோ எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் தருவதில்லை என்று அவற்றில் இருக்கிறது. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைப்பது என்றும் இருக்கிறது. பிரிட்டிஷார் 1930களில் கட்டத் தொடங்கிய தாங்கிகள் அவை. 1942 ஏப்ரல் 9 தாக்குதலில் ஜப்பானிய விமானம் மோதி எரிந்த ஒன்றின் சிதைவு இன்றும் அங்கே கிடக்கிறது. மிஞ்சிய 99 தாங்கிகளை 2022 ஜனவரியில் பங்கிட்டார்கள்: இந்திய நிறுவனத்துக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் 49க்கு 51 என்று சேர்ந்த நிறுவனத்துக்கு 61. 2025 ஏப்ரலில் இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன.

இதை வரவேற்கும் முன்போ எதிர்க்கும் முன்போ முழு வாசகமும் கையில் வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தக் குடிமகனும் எழுதிக் கேட்கலாம், தமிழிலேயே கேட்கலாம். எண்ணெய்க் குழாய் எந்தக் கிராமத்து நிலத்தின் வழியாகப் போகும், குடாவின் எந்தப் பகுதி மீனவருக்கு மூடப்படும், குத்தகை எத்தனை ஆண்டு, எண்ணெய் கசிந்தால் இழப்பீடு யார் தருவார், வழக்கு எந்த நாட்டு நீதிமன்றத்தில் நடக்கும், வேலைக்கு எடுப்பவர்களில் எத்தனை பேர் இந்த மாவட்டத்தார். மறுத்தால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம் மேன்முறையீடு செய்ய வழி இருக்கிறது. சம்பூரிலும் கிண்ணியாவிலும் சீனன்குடாவிலும் இருந்து தனித்தனியே மனுக்கள் போகட்டும், வரும் பதில்களை ஒரே மேசையில் வைத்துப் படிப்போம்.