மாலைப் பால் திரிந்தது எதனால்?

வீட்டு மாடுகளின் பாலை நாங்களே வீடுவீடாக ஊற்றத் தொடங்கிய புதிதில், மாலைப் பால் மட்டும் காய்ச்சும்போது திரிகிறது என்று புகார் வந்தது. மடிநோயோ என்று சந்தேகப்பட்டு ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனித்தனியாகக் காய்ச்சிப் பார்த்தோம். எதுவும் திரியவில்லை.

அப்புறம்தான் கேன் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றினேன். அடியில் மஞ்சளாக வழவழவென்று படிவு, குப்பென்று புளித்த வாடை! ஈரத்தோடு மூடிவைத்த கேனில், பகல் சூட்டில் கிருமி பெருகாமல் என்ன செய்யும்?

இப்போது காலி கேனை உடனே வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுகிறோம். எடுத்ததும் கொதிநீர் ஊற்றினால் பாலின் புரதம் பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு சலவைச் சோடா கலந்த சுடுநீர், பிரஷ், நல்ல தண்ணீர். வளையத்தைத் தனியாகக் கழுவி, கேனைக் கவிழ்த்துக் காயவைக்கிறோம். வெடித்த வளையத்தை மாற்றிவிடுவோம். கறக்கக்கூட ஆள் கிடைக்கும், கழுவத்தான் வீட்டில் யாரும் அகப்படுவதில்லை!

கறந்த பால் ஏறக்குறைய 38 டிகிரி சூட்டில் இருக்கும். 4 டிகிரிக்கு இறக்கினால் கிருமி வளர்ச்சி வெகுவாகக் குறையும். குளிர்விக்கும் இயந்திரம் வாங்கும்வரை கேனை ஐஸ் தண்ணீரில் நிறுத்தி, சுத்தமான கரண்டியால் கிளறிவிட்டோம். சூடான பாலைக் குளிர்ந்த பாலோடு கலப்பதே இல்லை.