பிள்ளையோடு அமெரிக்கா போகிறீர்களா? இறங்கின வாரமே பெயரைப் பதியுங்கள்

வடவள்ளியில் எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது வந்தால், பெரும்பாலும் அவர்கள் கையில் ஒரு மருத்துவமனைக் கோப்பு இருக்கும். சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை, அமெரிக்காவுக்கு மாற்றல் வந்துவிட்டது, பையனுக்கு இரண்டு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை என்பார்கள். பாப்பாவுக்கு அடிக்கடி வலிப்பு வருகிறது என்பார்கள். அங்கே யார் பார்ப்பார்கள், எவ்வளவு செலவாகும், விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமா என்று கேட்பார்கள். நான் ஒன்பது வருடம் அங்கே இருந்து, வளர்ச்சி தாமதமான என் மகனை அந்த நாட்டு ஏற்பாடுகளின் துணையோடு வளர்த்து, 2024-இல் ஊர் திரும்பியவள். திண்ணையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். ஏற்கெனவே அங்கே போய் இறங்கிவிட்டவர்களுக்கும் இது உதவும்.

முதலில் ஒன்று. இறங்கின வாரமே அங்கே உள்ள உதவித் திட்டங்களில் பிள்ளையின் பெயரைப் பதிந்துவிடுங்கள். வீடு பார்த்து, கார் வாங்கி, லைசென்ஸ் எடுத்து, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் ஆறு மாதம் ஓடிப்போகும். அங்கே குழந்தைகளுக்குக் கிடைக்கும் உதவிகளில் பெரும்பாலானவை வயதைப் பார்த்து அல்லது வரிசையைப் பார்த்துத் தருபவை. இரண்டுமே நமக்காகக் காத்திருக்காது.

நம் பக்கத்து ஆட்கள் தள்ளிப்போடுவதற்கு இரண்டு காரணங்களைப் பார்த்திருக்கிறேன். "அரசாங்கத்துக் காசு நமக்கெதுக்குங்க, நாமதான் சம்பாதிக்கிறோமே" என்ற ரோஷம் ஒன்று. எங்கேயாவது பெயர் ஏறினால் கிரீன் கார்டு கெட்டுவிடும் என்ற பயம் இன்னொன்று. முதல் மாதச் சம்பளத்திலேயே வரி பிடிக்கிறார்கள், அந்தப் பணத்தில் நடப்பவைதான் இவை. ஆகவே ரோஷத்துக்கு அங்கே வேலையில்லை. பயத்தைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

மூன்று வயது நிறையாத பிள்ளைக்கு, வளர்ச்சி தாமதத்துக்குத் தெரபி தரும் ஏர்லி இன்டர்வென்ஷன் என்ற ஏற்பாடு இருக்கிறது. 1986-இல் வந்த மத்தியச் சட்டம், எல்லா மாநிலங்களிலும் உண்டு. கலிபோர்னியாவில் இதை ஏர்லி ஸ்டார்ட் என்பார்கள், டெக்சாஸில் ஈ.சி.ஐ. என்பார்கள். டாக்டர் சீட்டு வேண்டியதில்லை, பெற்றோரே போன் செய்து கேட்கலாம். பிள்ளையைப் பரிசோதிக்கக் காசு வாங்கக் கூடாது என்பது சட்டம். பரிசோதனைக்குப் பிறகு தெரபிக்குச் சில மாநிலங்களில் வருமானத்தைப் பொறுத்து ஒரு பங்கு கட்டச் சொல்வார்கள், சில இடங்களில் முழுக்க இலவசம். தகுதிக்குப் பிள்ளையின் வயதையும் வளர்ச்சியையும் பார்ப்பார்கள். விசாவை வைத்துத் தள்ளுவதில்லை. நீங்கள் கேட்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பரிசோதித்து, திட்டம் போடும் முதல் கூட்டத்தையும் நடத்தியாக வேண்டும்.

தெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். நம் ஊரில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து பெரியவர்களின் கால் கையை அசைத்துவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அந்த மாதிரி, ஆனால் சின்னப் பிள்ளைக்கு, வாரா வாரம்.

என் மகனுக்கு வந்த பெண்மணி முதல் நாள் ஒரு பொம்மைகூடக் கொண்டு வரவில்லை. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இப்போது என்ன சாப்பிடுவான்?" என்று கேட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டில் சந்தகை. தேங்காய்ப் பால் ஊற்றிப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். பால் ஊற்றாமல் கொஞ்சம் தட்டில் வைக்கச் சொன்னார். ஒரு இழையைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளி எடுத்துக் காட்டினார். அவன் உள்ளங்கையால் அள்ளப் பார்த்தான், வழுக்கிப் போயிற்று, மறுபடி பார்த்தான். கால் மணி நேரம் கழித்து ஒரே ஒரு இழை இரண்டு விரலுக்கு நடுவில் நின்றது. "வாரத்தில் எத்தனை நாள் இது செய்வீர்கள்?" என்று கேட்டு, சந்தகையை அப்படியே என் மகனுக்காக எழுதிய தெரபித் திட்டத்தில் சேர்த்துவிட்டார். வீட்டுக்கு வந்து செய்யும் தெரபியின் பலன் இதுதான்: அவர் ஒரு மணி நேரம் காட்டுவதை நாம் மீதி நாளெல்லாம் செய்யலாம். அமுச்சி, அப்பத்தா யாராவது கூட இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள், அதற்கும் காசில்லை. "வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், பிள்ளை குழம்பும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை.

மூன்றாம் பிறந்தநாளோடு இது நின்று, பொறுப்பு அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்துக்குப் போகிறது. அதற்குக் குறைந்தது 90 நாள் முன்பே கைமாற்றும் கூட்டம் நடக்க வேண்டும். நடக்கவில்லை என்றால் நீங்களே எழுதிக் கேளுங்கள். மூன்று வயது தாண்டியே போகிறீர்கள் என்றால் நேராகப் பள்ளி மாவட்டத்துக்குக் கடிதம் எழுதலாம். பள்ளியிலும் விசாவை வைத்துப் பிள்ளையை மறுக்க முடியாது.

சரி, மருத்துவச் செலவு. கம்பெனி இன்சூரன்ஸில் பிள்ளையின் பெயர் சேர்ந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்டிசம் தெரபிக்கு இன்சூரன்ஸ் பணம் தர வேண்டும் என்று 50 மாநிலங்களிலும் சட்டம் இருக்கிறது. ஆனால் கம்பெனியே தன் பணத்தில் நடத்தும் செல்ஃப் ஃபண்டட் இன்சூரன்ஸை அந்த மாநிலச் சட்டங்கள் கட்டுப்படுத்தாது. பெரிய கம்பெனிகளில் இந்த வகைதான் அதிகம். வேலையில் சேரும் முன்பே ஹெச்.ஆரிடம், "செல்ஃப் ஃபண்டடா? ஸ்பீச், ஓ.டி., ஏ.பி.ஏ. தெரபி வருடத்துக்கு எத்தனை முறை?" என்று ஈமெயிலில் கேட்டு, பதிலையும் ஈமெயிலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓ.டி. என்பது அன்றாட வேலைகளுக்கான பயிற்சி, ஏ.பி.ஏ. என்பது ஆட்டிசப் பிள்ளைகளுக்கான நடத்தைப் பயிற்சி.

அரசுக் காப்பீட்டில் இரண்டு உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிகெய்ட் 1965-இல் வந்தது. அதற்குக் கொஞ்சம் மேலே வருமானம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு சிப் 1997-இல் வந்தது. அங்கேயே பிறந்த பிள்ளை அந்நாட்டுக் குடிமகன், அவனுக்கு உங்கள் விசா தடையில்லை. நம் ஊரிலிருந்து கூட்டிக்கொண்டு போகும் பிள்ளைக்குத்தான் கணக்கு வேறு. 1996-இல் வந்த ஒரு சட்டத்தால், கிரீன் கார்டு வாங்கினவர்கள்கூடப் பொதுவாக ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். 2009-இல் வந்த இன்னொரு சட்டம், சட்டப்படி வசிக்கும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்தக் காத்திருப்பை நீக்க மாநிலங்களுக்கு அனுமதி கொடுத்தது. பெரும்பாலான மாநிலங்கள் பிள்ளைகள் விஷயத்தில் அதை ஏற்றுக்கொண்டன. ஹெச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தரும் ஹெச்-4 விசாவில் இருக்கும் பிள்ளையும் அப்படிப்பட்ட மாநிலங்களில் பெரும்பாலும் இதற்குள் வருவான்.

"எங்க சம்பளத்துக்கு எப்படிங்க கிடைக்கும்?" என்று உடனே கேட்பார்கள். இங்கேதான் கேட்டி பெக்கட் கதை தெரிந்திருக்க வேண்டும். ஐயோவா மாநிலத்தில் 1978-இல் பிறந்த குழந்தை. சில மாதத்திலேயே மூளைக் காய்ச்சல் வந்து, மூச்சுவிட இயந்திரம் தேவைப்பட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை மெடிகெய்ட் பணம் கொடுத்தது. வீட்டுக்குப் போனால் பெற்றோர் வருமானத்தைக் காட்டி நிறுத்திவிடும் நிலை. வீட்டில் பார்த்துக்கொள்வது செலவு குறைவு என்று தெரிந்தும் குழந்தை ஆஸ்பத்திரியிலேயே கிடந்தது. 1981-இல் அதிபர் ரீகன் வரைக்கும் விஷயம் போய், மறு வருடம் சட்டமே மாறியது. அதன் பிறகு, கடுமையான குறைபாடுள்ள பிள்ளைக்குப் பெற்றோர் சம்பளத்தைப் பார்க்காமல் பிள்ளையின் வருமானத்தை மட்டும் பார்த்து மெடிகெய்ட் தரும் வழி பல மாநிலங்களில் திறந்தது. பென்சில்வேனியாவிலும் பெற்றோர் வருமானத்தைக் கணக்கில் எடுக்காத ஒரு பிரிவு உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் இதற்குப் பெயர் வேறு. "கேட்டி பெக்கட் வழி எங்கள் மாநிலத்தில் இருக்கிறதா?" என்று கேட்டால் விவரம் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

வீட்டுச் சேவைகளில் இரண்டு வகை இருக்கிறது, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மெடிகெய்டில் இருக்கும் 21 வயதுக்குட்பட்ட யாருக்கும், மருத்துவ ரீதியாகத் தேவையான தெரபி, வீட்டு நர்ஸ் போன்றவற்றை மாநிலம் கொடுத்தே ஆக வேண்டும். பெரியவர்களுக்கு விருப்பப்பட்டால் கொடுக்கலாம் என்று இருப்பதுகூடப் பிள்ளைகளுக்குக் கட்டாயம். இதை ஈ.பி.எஸ்.டி.டி. என்பார்கள். மறுத்துக் கடிதம் வந்தால் அந்த ஐந்து எழுத்தைக் குறிப்பிட்டு மேல்முறையீடு செய்யுங்கள். இரண்டாவது வகை வெய்வர். தாய்க்கு ஓய்வு கொடுக்க வரும் ஆள், வீட்டில் சாய்தளம் போடுவது போன்றவை அதில் வரும். அது மாநிலத்தின் விருப்பம், இடங்களும் குறைவு. டெக்சாஸில் வரிசை வருடக்கணக்கில் போகும். வெய்வருக்கான குடியேற்ற விதி மாநிலத்தைப் பொறுத்தது. அங்கே உங்கள் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்கள் என்றால், இன்றைக்குத் தேவையில்லை என்று தோன்றினாலும் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது மாறிக்கொண்டிருப்பவை. 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டம் மெடிகெய்டை நிறைய மாற்றுகிறது. 2026 அக்டோபர் 1 முதல் மத்திய அரசின் பணத்தில் மெடிகெய்ட் பெறக்கூடிய வெளிநாட்டவர் வகைகள் சுருங்குகின்றன. ஆனால் சட்டப்படி வசிக்கும் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் சேர்க்கும் அந்த 2009 அனுமதியை எடுக்கவில்லை. 2027 தொடங்கும்போது, வருமானத்தை மட்டும் பார்த்துப் பின்னாளில் மெடிகெய்டில் சேர்த்த விரிவாக்கப் பிரிவில் இருக்கும் பெரியவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலை காட்ட வேண்டும். 13 வயது வரையுள்ள பிள்ளையின் பெற்றோருக்கும், குறைபாடுள்ளவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் விலக்கு உண்டு. விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று மாதச் செலவையும் மெடிகெய்ட் ஏற்றுக்கொண்டு வந்தது, அந்த மூன்று மாதம் 2027 ஜனவரியிலிருந்து பிள்ளைகளுக்கு இரண்டு மாதமாகக் குறைகிறது. உடனே பதியச் சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் கிடைத்தது. மத்தியிலிருந்து பணம் குறையும்போது மாநிலங்கள் கட்டாயமில்லாத இடத்தில்தான் முதலில் கை வைக்கும், அதனால் வெய்வர் பற்றி எனக்குக் கவலை இருக்கிறது.

பயத்துக்கு வருகிறேன். பப்ளிக் சார்ஜ் என்று ஒரு விதி. அரசை நம்பியே வாழ்வார் என்று தோன்றினால் கிரீன் கார்டு மறுக்கலாம். 2022 டிசம்பரில் அமலான விதிப்படி, ரொக்க உதவியையும், அரசுச் செலவில் நீண்ட காலம் ஒரு நிறுவனத்தில் தங்கியிருப்பதையும் மட்டும் பார்ப்பார்கள். பிள்ளையின் மெடிகெய்ட், சிப், வீட்டுச் சேவை எதையும் பெற்றோர் கணக்கில் சேர்ப்பதில்லை. 2025 நவம்பரில் அந்த விதியை நீக்க அரசு ஒரு முன்மொழிவு வெளியிட்டது. ஆகவே மெடிகெய்ட் விண்ணப்பம் போடும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு அரை மணி நேரம் கேட்டுவிடுங்கள், வாட்ஸப் குழுவில் கேட்காதீர்கள். ஏர்லி இன்டர்வென்ஷனும் பள்ளிச் சேவையும் கல்விச் சட்டத்தில் வருபவை, அதற்கு இந்தப் பயமே வேண்டாம்.

கடைசியாகத் தபால் பெட்டி. கொரோனா காலத்தில் யாரையும் மெடிகெய்டிலிருந்து நீக்கக் கூடாது என்று இருந்தது. 2023 மார்ச் 31-உடன் அது முடிந்து, எல்லோரையும் மறுபடி சரிபார்க்கத் தொடங்கினார்கள். நாங்கள் நடுவில் வீடு மாறியிருந்தோம், முகவரியைச் சொல்லவில்லை. புதுப்பிக்கும் படிவம் பழைய வீட்டுக்குப் போயிற்று. ஒரு நாள் தெரபிஸ்ட் வாசலில் நின்று, "உங்கள் மகனின் காப்பீடு மூடியிருக்கிறது, எனக்குத் தெரியாமல் வந்துவிட்டேன்" என்றார். உள்ளே வரவில்லை. ஜன்னலில் அவர் காரைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகன், அது திரும்பிப் போனதும் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். ஏழு வாரம் ஆயிற்று மறுபடி திறக்க. 2024 ஜனவரி முதல், ஒரு தடவை சேர்ந்த பிள்ளையை 12 மாதம் நீக்கக் கூடாது என்று எல்லா மாநிலங்களுக்கும் சட்டம் வந்துவிட்டது, வருமானம் ஏறினாலும் சரி. ஆனால் 12 மாதம் முடிந்ததும் படிவம் வரும். மேலே பிள்ளையின் பெயர் இருக்கும் எந்தக் கவரையும் விளம்பரக் காகிதத்தோடு போட்டுவிடாதீர்கள். நிறுத்தப் போகிறோம் என்று கடிதம் வந்தால், அதில் போட்டிருக்கும் நிறுத்தும் தேதிக்கு முன்பே மேல்முறையீடு கேளுங்கள். அப்படிக் கேட்டால் முடிவு வரும்வரை சேவை தொடரும்.

கோயம்புத்தூரை விட்டுக் கிளம்பும் முன்: தடுப்பூசி அட்டையில் தேதி தெளிவாக இல்லையென்றால் டாக்டரிடம் புதிதாக எழுதி வாங்குங்கள். காது கேட்கும் பரிசோதனை, ஸ்கேன், தெரபி குறிப்புகள் எல்லாவற்றையும் கைப்பெட்டியில் வையுங்கள், விமானத்தில் போடும் பெட்டியில் வேண்டாம். நம் ஊர் ஊனச் சான்று அங்கே செல்லாது. அதற்கு அடிப்படையான மருத்துவ அறிக்கைகளை அங்கே உள்ள டாக்டர்கள் படிப்பார்கள்.

போன வாரம் பெருந்துறையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பையனுக்கு இரண்டு வயது நான்கு மாதம், அடுத்த வாரம் விமானம். கூட வந்த அப்பத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மிணி, அங்க போனா பேசிருவானா?" என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை, ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். மூன்று வயதுக்கு இன்னும் எட்டு மாதம். முதல் வாரம் போன் செய்தால் பரிசோதனைக்கும் திட்டத்துக்கும் ஒன்றரை மாதம். அப்புறம் ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே வீட்டுக்கு ஆள் வரும். மூன்று மாதம் தள்ளினால் மூன்றரை மாதம்கூட மிஞ்சாது. அவன் அம்மா போனை எடுத்து, போகிற மாநிலத்தின் ஏர்லி இன்டர்வென்ஷன் எண்ணைத் தேடி, என் முன்னாலேயே பதிந்துகொண்டாள்.