செஸ் எண்ட்கேமில் எஞ்சின் காட்டும் எண்ணை எப்படிச் சோதிப்பது?

காட்பாடியில் ரயிலேறி சென்னைப் போட்டிகளுக்குப் போய்வரும் பிள்ளைகள், வீடு சேர்வதற்குள் தங்கள் செஸ் ஆட்டத்தைப் போனில் உள்ள எஞ்சினில், அதாவது செஸ் ஆடும் மென்பொருளில், போட்டுப் பார்த்துவிடுகிறார்கள். “சார், எஞ்சின் பிளஸ் மூணு காட்டுது, நான் ஜெயிச்சிருக்கணும்” என்று வந்து நிற்பார்கள். பிளஸ் மூணு என்றால், வெள்ளை ஏறக்குறைய மூன்று சிப்பாய் அளவுக்கு முன்னிலையில் இருப்பதாக எஞ்சின் மதிப்பிடுகிறது. காய்கள் குறைந்துபோன கடைசிக் கட்டமான எண்ட்கேமில் அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. நீங்களே சோதித்துப் பாருங்கள்.

முதலில் லிசெஸ் (Lichess) என்ற செஸ் இணையதளத்தில் போர்டு எடிட்டரைத் திறங்கள்; இலவசம்தான். வெள்ளை ராஜா ஜி5, சிப்பாய் எச்5, மந்திரி (பிஷப்) டி3. கருப்புக்கு எச்8 மூலையில் ராஜா மட்டும். அப்புறம் அனாலிசிஸ் போர்டுக்குப் போய், புத்தகப் படம் உள்ள பொத்தானை அழுத்துங்கள். வெள்ளை எதை நகர்த்தினாலும் டிரா என்று வரும். ஒரு மந்திரியும் சிப்பாயும் அதிகம் இருந்தும் ஏன்? எச்8 கருப்புக் கட்டம், நம் மந்திரியோ வெள்ளைக் கட்டங்களில் மட்டுமே நடப்பது. மூலையில் உட்கார்ந்த ராஜாவைக் கிளப்ப முடியாது, நெருக்கினால் ஸ்டேல்மேட்: செக் இல்லாமலே நகர இடமின்றிப் போய், ஆட்டம் டிரா.

இந்த விடை வருவது டேபிள்பேஸ் என்ற எண்ட்கேம் முடிவுகளின் தொகுப்பிலிருந்து; அது யோசித்துச் சொல்லவில்லை. செக்மேட் நிலைகளில் தொடங்கிப் பின்னோக்கி நடந்து, ஒவ்வொரு நிலைக்கும் முடிவை முன்பே கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். ராஜாக்களையும் சேர்த்து 7 காய்கள் வரை இந்த வேலை முடிந்துவிட்டது. இன்று பரவலாகப் பயன்படும் சிசிஜி (Syzygy) டேபிள்பேஸை ரொனால்ட் டி மான் 2013இல் வெளியிட்டார். 5 காய்கள் வரை சுமார் 1 ஜிபி. 6 காய்களுக்கு 150 ஜிபி. 7 காய்களுக்கு ஏறக்குறைய 17 டிபி. அதனால்தான் போனில் பார்க்க இணையம் வேண்டும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த நிலை. வெள்ளை ராஜா எஃப்5, சிப்பாய் இ4. கருப்பு ராஜா டி4, சிப்பாய் இ5. வெள்ளை நகர்த்த வேண்டும் என்று வைத்துப் பாருங்கள்: தோல்வி. கருப்பு நகர்த்த வேண்டும் என்று மாற்றுங்கள்: கருப்புக்குத் தோல்வி! யார் நகர்ந்தாலும் தன் சிப்பாயைக் கைவிட்டாக வேண்டும். இதுதான் ஜுக்ஸ்வாங்.

எஞ்சின்கள் இங்கேதான் தடுமாறும். நேரத்தை மிச்சப்படுத்த, ‘என் முறையை விட்டுக்கொடுத்தாலும் எனக்கு நல்ல நிலைதான் என்றால் இந்தக் கிளையை மேலும் தேட வேண்டாம்’ என்று அவை வெட்டிவிடும். நகர்வதே ஆபத்தாக இருக்கும் நிலையில் இந்தக் கணக்கு பொய்க்கும். ஆகவே ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சினால் பெரும்பாலான எஞ்சின்கள் இந்தக் குறுக்குவழியை நிறுத்திக்கொள்கின்றன.

சரி, பலகையில் 7 காய்களுக்கு மேல் இருந்தால்? எஞ்சின் சொல்லும் நகர்வுகளையே இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து முறை ஆடிப் பாருங்கள். பிளஸ் மூணு ஏறாமல் அப்படியே நிற்கிறதா? காய் வெட்டும் இல்லை, சிப்பாயும் நகரவில்லையா? எதிராளி உடைக்க முடியாத கோட்டை கட்டியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். பிறகு காய்களை மாற்றி மாற்றி வெட்டி 7 காய்களுக்குக் கொண்டுவந்து, அங்கே டேபிள்பேஸ் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.