உப்பு மணலில் மெட்டல் டிடெக்டர்: கடலூர்க் கடற்கரையில் கற்றுக்கொண்ட செய்முறை

சென்ற ஆண்டு காணும் பொங்கலன்று மாலை, கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் கணுக்கால் அளவு தண்ணீரில் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த என் தங்கையின் விரலிலிருந்து அரைப் பவுன் மோதிரம் நழுவி விழுந்துவிட்டது. மறுநாள் விடியற்காலையில் நண்பரிடம் இரவல் வாங்கிய மெட்டல் டிடெக்டரை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். உலர்ந்த மணலில் ஒழுங்காக வேலை செய்த கருவி, ஈரமணலுக்கு வந்ததும் எங்கே காட்டினாலும் ஓயாமல் அலறியது. கருவி பழுதாகிவிட்டது என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். நான்காம் நாள் காலை அதே கருவியைக் கொண்டுதான் அந்த மோதிரத்தை எடுத்தேன். இடைப்பட்ட நாட்களில் கருவியில் எதையும் மாற்றவில்லை. அதை அந்த மணலுக்கு ஏற்பச் சரிசெய்யும் முறையை மட்டுமே கற்றுக்கொண்டேன். நம் கடற்கரையில் இக்கருவியைப் புதிதாகக் கையில் எடுப்பவர்கள் அனைவரும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள் என்பதால், அந்த முறையை விரிவாக எழுதுகிறேன்.

புறப்படுவதற்கு முன்

கருவியைப் பூட்டுவதையும் பேட்டரி பொருத்துவதையும் கையேட்டில் படத்துடன் விளக்கியிருப்பார்கள். கையேடு அழுத்திச் சொல்லாத இரண்டு விஷயங்களை மட்டும் நான் சேர்க்கிறேன். காயிலிலிருந்து (தண்டின் அடியில் வட்டுப் போலிருக்கும், உலோகத்தை உணரும் பகுதி) மேலே வரும் கம்பியைத் தண்டில் நெருக்கமாகச் சுற்றி, ஆடாதபடி கட்டுங்கள்; அது தொங்கி ஆடினால், காயில் அதையே உலோகமாக எடுத்துக்கொண்டு பொய்யாக ஒலிக்கும். அடுத்ததாக, கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள், அல்லது கருவியைப் பிடிக்காத பக்கத்துப் பையில் வையுங்கள்.

கருவி வாங்கவிருப்பவர்களுக்கு என் கருத்து இது: கடற்கரைக்காகவே வாங்குவதாக இருந்தால், கிரவுண்ட் பேலன்ஸை, அதாவது தரையின் தன்மைக்கு ஏற்பக் கருவியைச் சமன் செய்யும் அமைப்பை, கையால் மாற்ற முடியாத மலிவான கருவியை வாங்காதீர்கள். ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் இயங்கும் கருவி இங்கே மிகவும் நிம்மதி தரும். ஒற்றை அதிர்வெண் கருவியே கைவசம் இருந்தால், அதில் அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஈரமணலில் குறைந்த அதிர்வெண்ணே அமைதியாக இருக்கும். மெல்லிய தங்கப் பொருள்களுக்கு உயர்ந்த அதிர்வெண் நல்லது என்பது உண்மைதான் என்றாலும், ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும் கருவியில் எந்தத் தங்கத்தின் ஒலியும் காதில் விழாது.

கிரவுண்ட் பேலன்ஸ்: என்னை மூன்று நாள் அலைக்கழித்த படி

காயில் தரைக்குள் ஒரு மாறும் காந்தப்புலத்தை அனுப்புகிறது. கீழே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அதிலிருந்து எழும் சிறு காந்தப்புலத்தை அதே வட்டுக்குள் இருக்கும் இரண்டாவது காயில் பிடித்துக்கொள்கிறது. கடல்நீரும் மின்சாரத்தைக் கடத்துவதால், உப்புநீர் ஊறிய மணல் முழுவதும் கருவிக்கு ஒரு பெரிய மெல்லிய தகடு போலத் தோன்றுகிறது. இத்துடன் நம் கரையில் கருமணலும் சேர்ந்துகொள்கிறது. கடல் கொந்தளித்து அடங்கிய பிறகு, அலை ஏறி இறங்கும் இடத்தில் கருமையான பட்டைகள் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, உலர்ந்த கருமணலின் மேல் இழுத்துப் பாருங்கள். பையின் அடியில் கரும்பொடி மீசை போல் ஒட்டிக்கொண்டு வரும். காந்தத் தன்மையுள்ள அந்தக் கனிமம் கருவியின் புலத்தை ஒரு வகையில் பாதிக்கிறது, உப்புநீர் வேறொரு வகையில் பாதிக்கிறது. ஒற்றை அதிர்வெண் கருவியால் ஒரு நேரத்தில் இவற்றில் ஒன்றைத்தான் முழுமையாகக் கழித்துவிட முடியும். கருவி அலறுவதற்குக் காரணம் இதுதானே தவிர, பழுது அன்று.

நான் செய்த முதல் தவறு, வண்டி நிறுத்துமிடத்துக்கு அருகிலிருந்த உலர்ந்த மணலில் கிரவுண்ட் பேலன்ஸ் செய்துவிட்டு ஈரமணலுக்கு நடந்து போனது. சமன் செய்யும் வேலையை, எந்த மணலில் தேடப் போகிறீர்களோ அந்த மணலின் மேல் நின்றுதான் செய்ய வேண்டும். இரண்டாவது தவறு எனக்குத் தெரியாமலே நிகழ்ந்தது: அடியில் ஒரு சோடா மூடி புதைந்திருந்த இடத்தில் சமன் செய்திருக்கிறேன். கருவி அந்த மூடியையும் மணலின் ஒரு பகுதியாகக் கணக்கில் எடுத்துக்கொண்டதால், மற்ற இடமெல்லாம் அதற்குக் குழப்பமாகிவிட்டது.

இனி, செய்ய வேண்டிய முறை. டிஸ்கிரிமினேஷனை (வேண்டாத உலோகங்களை ஒலிக்காமல் ஒதுக்கும் அமைப்பு) முழுவதுமாகக் குறைத்து, எல்லா உலோகங்களுக்கும் ஒலிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனை, பாதிக்குக் கொண்டுவாருங்கள். ஓரடி அகலத்துக்குத் தனித்த உலோக ஒலி எதுவும் எழாத இடத்தைத் தேடிப் பிடியுங்கள். முழு இடமும் சீராக இரைந்தால் கவலை வேண்டாம், ஒரே புள்ளியில் திடீரென்று எழும் ஒலியைத்தான் தவிர்க்க வேண்டும். அந்த இடத்துக்கு மேலே காயிலைத் தரைக்கு இணையாகப் பிடித்து, ஏறத்தாழ ஓரடி உயரத்திலிருந்து இரண்டு விரற்கடை உயரம் வரை மெதுவாக இறக்கி ஏற்றுங்கள். தானியங்கி வசதி இருந்தால், அதற்குரிய பொத்தானை அழுத்திக்கொண்டே இப்படி ஏழெட்டு முறை செய்தால் போதும். கையால் மாற்றும் கருவியானால், காயில் கீழே வரும்போது ஒலி உயர்கிறதா தாழ்கிறதா என்று கேட்டு, சிறிது சிறிதாகத் திருகிக்கொண்டே போங்கள். ஏற்றினாலும் இறக்கினாலும் ஒலி மாறாத நிலைதான் வேண்டியது. கடற்கரைக்கென்று தனிப் பயன்முறை இருந்தால், இதைத் தொடங்குவதற்கு முன்பே அதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். இல்லையெனில் சில கருவிகளின் சமன் எல்லை உப்புமணல் வரை எட்டாது.

சமன் செய்த பிறகும் இரைந்தால் சென்சிட்டிவிட்டியை ஒவ்வொரு படியாகக் குறைத்து, கருவி அமைதியாகும் இடத்தில் நிறுத்துங்கள். இதைச் செய்யப் பலருக்கு மனம் வருவதில்லை. சென்சிட்டிவிட்டி கூடினால் ஆழமும் கூடும் என்பது உலர்ந்த நல்ல மண்ணுக்குப் பொருந்தும். உப்புமணலில் அதைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். மோதிரம் கிடைத்த அன்று என் கருவி பாதிக்கும் கீழான அளவில்தான் இருந்தது.

நடக்கும் திசை

அலைக்கு இணையாக நடங்கள். மேட்டிலிருந்து அலையை நோக்கி இறங்கி மீண்டும் ஏறினால், ஒவ்வோர் அடியிலும் மணலின் ஈரம் மாறும். நீங்கள் செய்த சமனும் அதனுடன் கலைந்துவிடும். ஒரே ஈரமுள்ள பட்டையில் நெடுக நடந்து, திரும்பும்போது அடுத்த பட்டைக்கு இறங்கி, அங்கே மறுபடியும் சமன் செய்துகொள்ளுங்கள். காயிலை ஊஞ்சல் போல வீசக் கூடாது. வீச்சின் இரு முனைகளிலும் அது மேலே எழும்பினால், உயர மாற்றத்தினாலேயே பொய் ஒலி எழும். தரை பெருக்குவது போல, மணலிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்திலேயே மாறாமல் அசைத்து, ஒரு வீச்சின் பாதிப் பகுதி அடுத்த வீச்சால் மூடப்படும்படி முன்னேறுங்கள். அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டித் தண்ணீர் நன்றாக வற்றும் நேரத்தில் தேட இடம் அதிகமாகக் கிடைக்கும்.

ஒலியையும் எண்ணையும் படிப்பது

உலோகத்துக்கு ஏற்பத் திரையில் தெரியும் எண்களுக்கான அட்டவணை கையேட்டில் இருக்கும். அது பெரும்பாலும் வெளிநாட்டு நாணயங்களை வைத்துத் தயாரிக்கப்பட்டது என்பதால் அதை நம்பாதீர்கள். நம் ஒரு ரூபாய் நாணயம் 1992 முதல் காந்தத்தில் ஒட்டும் துருப்பிடிக்காத எஃகில் அடிக்கப்பட்டு வருகிறது. இரும்பை ஒதுக்கும்படி கருவியை அமைத்திருந்தால், இந்த நாணயத்தையும் அது ஒதுக்கிவிடக்கூடும். ஆகவே உங்கள் அட்டவணையை நீங்களே தயாரித்துக்கொள்ளுங்கள். ஒரு மோதிரம், ஒரு வெள்ளி மெட்டி, சில நாணயங்கள், மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள், சோடா மூடி, மீன்வலையின் ஈயக்குண்டு ஆகியவற்றை வீட்டுத் தோட்டத்தில் நான்கு விரற்கடை ஆழத்திலும் ஒரு சாண் ஆழத்திலும் புதைத்து, ஒவ்வொன்றின் எண்ணையும் ஒலியையும் எழுதி வையுங்கள். நகைகளை நைலான் நூலில் கட்டி, நூலின் மறுமுனையை வெளியே ஒரு குச்சியில் கட்டிவிட்டுப் புதையுங்கள்.

அப்படிச் செய்து பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். தங்க மோதிரத்தின் எண்ணும் அலுமினியத் தாளின் எண்ணும் ஒன்றன் மேல் ஒன்று விழுகின்றன. அலுமினியத்தை ஒதுக்கும்படி அமைத்தால் தங்கமும் ஒதுங்கிவிடும். தங்கம் வேண்டுமானால் குப்பையையும் தோண்டத்தான் வேண்டும். மெல்லிய சங்கிலியைப் பற்றி யாருக்கும் உறுதி தராதீர்கள். கருவி சங்கிலியை ஒரே பொருளாகப் பார்க்காமல் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகப் பார்க்கிறது. கொக்கியோ கோத்திருக்கும் தாலிப்பொட்டோதான் பெரும்பாலும் ஒலியைத் தரும்.

எண்ணைவிட ஒலியின் ஒழுங்கே முக்கியம். வலமிருந்து இடமாக வீசினாலும் இடமிருந்து வலமாக வீசினாலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி ஒலித்தால் அங்கே தோண்டலாம். ஒரு திசையில் மட்டும் ஒலித்தால் அது பெரும்பாலும் உப்பின் வேலை அல்லது துருப்பிடித்த ஆணி. என் தங்கையின் மோதிரம் பெரிதாக ஒன்றும் சத்தமிடவில்லை. சிறு கொண்டியைத் தட்டியது போல மெல்லிய ஒலி, நான் தொண்ணூறு பாகை திரும்பி நின்று வீசியபோதும் அதே புள்ளியில் கேட்டது. ஹெட்ஃபோன் இல்லாமல் இருந்திருந்தால் அலையின் ஓசையில் அதை நிச்சயமாகத் தவறவிட்டிருப்பேன்.

தோண்டுவது

உலர்ந்த மணலுக்கு எண்ணெய் வடிக்கும் ஜல்லிக்கரண்டியே போதும். ஈரமணலுக்கு, துளையிட்ட எஃகுத் தகட்டில் நீண்ட கைப்பிடியுடன் வெல்டிங் பட்டறையில் ஒரு முகவை செய்துகொள்ளுங்கள். அதை நான் விலையுயர்ந்த எந்தத் துணைக்கருவிக்கும் மேலாக மதிக்கிறேன். குறுக்கும் நெடுக்குமாக வீசி, ஒலி வெட்டும் புள்ளியிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி முகவையை இறக்குங்கள். அள்ளிய மணலைக் காயிலின் முன்னே வைத்துச் சோதித்து, பொருள் முகவையில் இருக்கிறதா குழியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த அள்ளலுக்குப் போங்கள். குழிகளை உடனே மூடிவிடுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. அந்த மாதங்களில் அலை எட்டாத மேட்டு மணலைத் தொடவே கூடாது.

தேடக் கூடாத இடங்கள்

அரியாங்குப்பம் ஆற்றோரத்தில் உள்ள அரிக்கமேடு, 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்து ரோமானிய வணிகத் தொடர்பை வெளிக்கொணர்ந்த இடம். இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்கே கருவியை வெளியே எடுப்பதே தவறு. ஒரு காசு எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதில்தான் வரலாறு இருக்கிறது. பிடுங்கி எடுத்த காசு எதையும் சொல்லாது. தேவனாம்பட்டினத்திலேயே உள்ள புனித டேவிட் கோட்டையின் இடிபாடுகளையும் விட்டுவிடுங்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கடற்கரையில் நகை கிடைத்தால் உரியவரைத் தேடிக் கொடுங்கள், அல்லது காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள். மாசி மகத் தீர்த்தவாரிக்குப் பிறகு அழுதுகொண்டே மணலைக் கையால் துழாவும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

கேப்பர் மலைப் பக்கம் முந்திரித் தோப்பில் தொலைந்த சாவிக்கொத்தைத் தேடிய ஒருவர், அங்கே உப்பே இல்லாதபோதும் கருவி இரைவதாக எழுதியிருந்தார். அந்தச் செம்மண்ணில் இரும்புச் சத்து மிகுதி. செம்புராங்கல் துண்டுகள் தனித்தனியாகவே உலோகம் போல ஒலிக்கும். கடற்கரைப் பயன்முறையை விட்டு வெளியே வந்து, அந்த மண்ணிலேயே புதிதாகச் சமன் செய்யச் சொன்னேன், இரைச்சல் அடங்கியது.

புதுச்சேரியிலிருந்து எழுதிய இன்னொருவருக்கு, எவ்வளவு சமன் செய்தாலும் காயிலை அசைக்காமல் பிடித்திருக்கும்போதே கருவி ஒலித்தது. அசைக்காமலே ஒலித்தால் மணலைக் குறை சொல்ல முடியாது. அது அருகிலுள்ள மின்கம்பி, விளக்குக் கம்பம் போன்றவற்றின் குறுக்கீடு. அவர் ஐம்பதடி தள்ளிப் போனதும் சரியாகிவிட்டது.

மூன்று பேருக்கு ஒரே சிக்கல்: காயிலைத் தட்டினாலே ஒலி. காயிலின் அடியில் மாட்டும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றச் சொன்னேன். உள்ளே ஈரமான கருமணல் அப்பியிருந்தது. ஒவ்வொரு முறையும் வீடு திரும்பியதும் உறையைக் கழற்றி, காயிலையும் தண்டின் கீழ்ப்பகுதியையும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி நீர் புகாதது என்று கையேடு உறுதியாகச் சொன்னாலன்றி, அதை ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டு, பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.